ஏற்காட்டில் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும் வாலாட்டி: இது எது? காற்றுதான் கொண்டுவந்ததா?

செக்ரோல்காரர் (ஏற்காடு, நாகலூர் பக்கம்)

வணக்கம். நான் இங்கே புதியவன். நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் கணக்கு, கூலிக் கணக்கு, மழைக் கணக்கு எழுதுகிறவன். ஓய்வு கொடுத்துவிட்டார்கள், ஆனால் பழம் எடுப்பு நெருங்கினால் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். வயது 67. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மேடு ஏறினால் வாங்குவதில்லை. அது ஏன் என்று டாக்டருக்கும் புரியவில்லை.

செக்ரோலின், அதாவது ஆள் வருகைப் பேரேட்டின், பின்பக்கத்தில் மழை அளவு எழுதும் கட்டத்தை ஒட்டி நானாக ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குத் தலைப்பு கிடையாது. முதலாளி பார்த்தால் இது என்ன என்று கேட்பாரே என்று அப்போது எழுதவில்லை, அப்படியே பழகிவிட்டது. அந்தக் கட்டத்தில் வருடத்துக்கு ஒருமுறை ‘வா’ என்று ஓர் எழுத்து விழும். வாலாட்டி வந்துவிட்டது என்று அர்த்தம். பல்ப்பர் (காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின்) இருக்கும் கொட்டகையின் கழிவுநீர் வாய்க்காலுக்குச் செப்டம்பர் நடுவில் ஒரு சாம்பல் வாலாட்டி வரும். முதுகு சாம்பல், வயிற்றடி மஞ்சள், நீள வால். 2009இல் 19ஆம் தேதி. 2015இல் 14. 2018இல் 22. தோட்டத்தில் சம்பளத் தேதி தள்ளிப்போன வருடங்கள் உண்டு, இது பெரிதாகத் தள்ளிப்போனதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் 16ஆம் தேதி மாலை நான்கு மணிக்கே சேர்வராயன் கோயில் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று வடகிழக்கிலிருந்து. சில்வர் ஓக் மரங்கள் எல்லாம் இலையின் வெள்ளை அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. அப்படி மரம் வெளுத்தால் நல்ல மழை உண்டு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏழு மணிக்குப் பிடித்தது. காலையில் மழைமானியில் 1 அங்குலம் 35 சென்ட் (நூறு சென்ட் ஓர் அங்குலம்).

இரவு ஒன்பதரைக்கு வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினான். பல்ப்பருக்கு கிரீஸ் போட்டுவிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தாமல் விட்டிருக்கிறார்கள். உள்ளே சிமென்ட் தொட்டியின் விளிம்பில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. அதை எனக்குத் தெரியும்: ஆறுமணிக்குருவி. என் அப்பா தோட்டக்கள்ளன் என்பார். பச்சை முதுகு, தோளில் நீலம், அடிவயிற்றில் குங்குமம் அப்பியதுபோல் சிவப்பு, கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, வெட்டி எடுத்துவிட்டாற்போல் இருக்கும். டார்ச் அடித்தும் அது நகரவில்லை. பயமில்லாமல் இல்லை, பயப்படக்கூடத் தெம்பில்லை என்று தோன்றியது. காலிச் சாக்கைப் போட்டு மெதுவாக மூடிப் பிடித்தேன். கைக்குள் அதன் நெஞ்சு தைத்துக்கொண்டிருக்கும் மெஷின்போல அடித்தது. அட்டைப் பெட்டியில் நாலு துளை போட்டு உள்ளே விட்டோம். காலை ஆறரைக்குத் திறந்தேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு ஓடைப் பக்கம் தாழப் பறந்து போய்விட்டது.

என் கேள்வி அதைப் பற்றி அல்ல. அதை விட்டுவிட்டுத் திரும்பும்போது, களத்துக்குப் போகும் பாதையில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. வாலாட்டிதான், ஆனால் நம் வாலாட்டி இல்லை. நம்முடையது வாலை மேலும் கீழும் ஆட்டும், ஆமாம் ஆமாம் என்பதுபோல. இது பின்பாகம் முழுவதையும் இடமும் வலமுமாக ஆட்டியது, இல்லை இல்லை என்பதுபோல. முதுகு காய்ந்த பாசி நிறம். வயிறு வெள்ளை. மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை; மேலே உள்ளது முழுசாக, கீழே உள்ளது நடுவில் அறுந்த மாதிரி. இறக்கையில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள். நான் நெருங்கியதும் மற்ற வாலாட்டிகளைப்போலத் தரையோடு ஓடவில்லை. ‘பிங்க்’ என்று ஒரே ஒரு சத்தம் போட்டு மரக்கிளைக்கு ஏறி, அந்தக் கிளைமேலேயே சாவகாசமாக நடந்தது. முப்பத்தொரு வருடத்தில் நான் இதைக் கவனித்ததில்லை என்பது எனக்கே கொஞ்சம் அவமானமாக இருக்கிறது.

இது எது? அடுத்தது, இவை எல்லாம் ஒரே இரவில் எப்படி? காற்றுதான் கொண்டுவந்து போடுகிறது என்பது என் எண்ணம். காற்று அடித்த மறுநாள்தான் எனக்குப் புதிதாக ஏதாவது கண்ணில் படுகிறது. சரியா?

படம் எடுத்தேன். அதில் காப்பிச் செடி மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.


ஓமலூர் மெயின்ரோடு

ஐயா, படம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. குரல் பதிவாவது இருந்தால் போடுங்கள்.


கன்னங்குறிச்சி டீச்சர்

படம் வேண்டியதில்லை. ஐயா எழுதியிருப்பதைவிட ஒரு படம் கூடுதலாக என்ன சொல்லிவிடப் போகிறது? வாலைப் பக்கவாட்டில் ஆட்டுவது, மார்பில் இரட்டைப் பட்டை, கிளைமேல் நடப்பது, அந்த ‘பிங்க்’. நான்கும் சேர்ந்த பறவை ஒன்றுதான். கொடிக்கால் வாலாட்டி. வாலாட்டிகளில் மரத்தில் கூடு கட்டுவது இது. மற்றவை தரையிலோ கல் இடுக்கிலோ கட்டும். இனப்பெருக்கம் செய்யும் இடம் கிழக்குச் சைபீரியா, கொரியா, வடகிழக்குச் சீனா அந்தப் பக்கம். குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் வருகிறது. நிழல் மரமுள்ள காப்பித் தோட்டம் அதற்கு மிகவும் பிடித்த இடம். நீங்கள் இத்தனை நாள் பார்க்காததில் அவமானப்பட எதுவும் இல்லை. காய்ந்த இலைமேல் அது நடந்தால் இலை நடப்பதுபோலத்தான் இருக்கும்.

உங்கள் சாம்பல் வாலாட்டி வேறு கணக்கு. அது இமயமலை ஓடைகளிலும் அதற்கு வடக்கே ஆசியாவிலும் கூடு கட்டுகிறது. செப்டம்பரிலேயே நம் மலைகளுக்கு முதலில் வந்து சேரும் வலசைப் பறவைகளில் ஒன்று.

ஆறுமணிக்குருவியை நீங்கள் கையாண்ட விதம் சரி. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: மயங்கி விழுந்த பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நல்லெண்ணத்தில்தான் ஊற்றுகிறார்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. இருட்டான, காற்றோட்டமான பெட்டி, அமைதி, அவ்வளவுதான். பகலில் கிடைத்தால் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, காக்கை இல்லாத, புதர் உள்ள இடத்தில் விடுங்கள். வெட்டவெளியில் விட்டால் காக்கைகள் துரத்தும். காலில் வளையம் இருந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகள் பறவைகளுக்கு வளையம் போட்டிருக்கிறார்கள்.

காற்று பற்றி எனக்கு ஐயாவோடு கருத்து வேறுபாடு இருக்கிறது. பரீட்சைத் தாள் திருத்திவிட்டு வருகிறேன்.


செக்ரோல்காரர்

டீச்சர், நன்றி. கொடிக்கால் என்ற பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். என் மனைவிக்குப் பரமத்தி வேலூர். மாமனாருக்கு ஒன்றரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தி மரத்தில் கொடி ஏறியிருக்கும், கீழே எப்போதும் ஈரமும் அரை இருட்டும். கல்யாணமான புதிதில் அங்கே போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார். எங்கள் தோட்டத்தில் அகத்திக்குப் பதில் சில்வர் ஓக், வெற்றிலைக்குப் பதில் மிளகு. மற்றபடி அதே ஈரம், அதே அரை இருட்டு. பெயர் வைத்தவன் பறவையை அங்கே பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறான்.

மாமனாரிடம் இதைப்பற்றிக் கேட்காமல் விட்டேன். அவரிடம் கேட்காமல் விட்டது பல.

இன்று காலையும் அது அதே பாதையில் இருந்தது. உலர்ந்த இலையைப் புரட்டவில்லை, இலைக்கு இலை எட்டிப் பார்த்துப் பூச்சியைக் கொத்துகிறது. பத்தடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன். அது நின்றாலும் வால் நிற்பதில்லை.

கருத்து வேறுபாடு இருந்தால் சொல்லுங்கள். நான் முதலாளிகளோடு முப்பத்தொரு வருடம் கருத்து வேறுபாடு வைத்திருந்தவன்.


சேலம் ஜங்ஷனில் பாம்பன்காரன்

ஐயா, காற்று என்று எழுதியதால் உள்ளே வந்தேன். எனக்கு ஊர் பாம்பன், வேலை இங்கே ரயில்வேயில். தீவில் பிறந்தவனுக்குக் காற்றுதான் கடிகாரம். வைகாசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பலமாக அடிக்கும். தனுஷ்கோடிப் பக்கம் நின்றால் மணல் முழங்காலுக்குக் கீழே ஊசி ஊசியாகக் குத்தும். ஐப்பசியில் கச்சான் ஓய்ந்து வாடை திரும்பும். ஒரு பக்கம் ஆண்கடல், மறுபக்கம் பெண்கடல் என்று சுற்றுலா வருகிறவர்களுக்குச் சொல்வார்கள் அல்லவா? வாடை திரும்பிய பிறகு வந்து பாருங்கள், பெண்கடலும் சீறும்.

1914இல் கட்டிய பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும், ரயில் நின்றுவிடும். சின்ன வயதில் அப்படி நின்ற ரயில்களைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்போம். அப்போதெல்லாம் கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக இருக்கும், ஒன்று பாக்கியில்லாமல் மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்துக்கொண்டு. ஏன் என்று அப்பாவைக் கேட்டேன். “முதுகைக் காட்டினால் இறகு கலைந்துவிடும், உன் தலைமுடி மாதிரி” என்றார். அவர் வலை இழுத்தவர். பறவைப் பெயர் பாதி தெரியாது, காற்றின் பெயர் அத்தனையும் தெரியும்.

ஒரு விஷயம் மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. எங்கள் ஊருக்கு வலசை வருவது ஐப்பசியில் தொடங்குவது இல்லை. ஆடி முடிவதற்குள் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் வரத் தொடங்கிவிடும், அந்தக் கச்சானிலேயே. முதலில் வருவது வளர்ந்த பறவைகள். வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, பல இனங்களில் பெற்றோர் முன்னால் கிளம்பி விடுகின்றன. குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழி காட்ட ஆளில்லாமல், முதல்முறையாகத் தாமே வந்து சேர்கின்றன. என் மகனை ஈரோட்டுக்குத் தனியாக ரயில் ஏற்றிவிட எனக்கு மனசு வரவில்லை.

அரிச்சல்முனை போகும் வழியில், கரை ஒதுங்கிய பாசிக் குவியலில் கல்திருப்பி உள்ளான் வேலை செய்வதைப் பாருங்கள். அலகை ஆப்பு மாதிரி அடியில் கொடுத்து நெம்பிப் புரட்டும், அடியில் இருக்கும் சின்ன நண்டு ஓடுவதற்குள் பிடித்துவிடும். காற்று பலமாக அடித்தால் பறவைகள் வலைக் குவியலின் மறைவிலும் பழைய சர்ச் சுவரின் மறைவிலும் ஒதுங்கிவிடும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊர் போய்விட்டது, சுவர் மட்டும் நிற்கிறது. பூநாரைகள் மழைக்குப் பிறகு வரும். 2025இல் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது.

காற்று பறவையைக் கொண்டுவருகிறதா? எங்கள் ஊரில் கேட்டால், காற்று யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விடாது, நாம்தான் அதில் ஏறிக்கொள்ள வேண்டும் என்பார்கள். பாய்மரம் கட்டியவர்கள் பேச்சு அது.


ஆத்தூர் விவசாயி

எங்கள் பக்கம் சூறைக்குருவிகள் வந்துவிட்டன. ரோஜா நிற உடம்பு, கறுப்புத் தலை. சோளம் பால் பிடிக்கும் நேரத்தில் சரியாக வந்து நிற்கும், வட்டிக்காரன்போல. ஆனால் வெட்டுக்கிளியையும் தின்கிறது என்பதால் திட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன்.

எனக்கு ஒரே கேள்வி. செல்போன் டவர் வந்த பிறகுதான் பறவைகள் வழி தவறி வீட்டுக்குள் விழுகின்றன என்கிறார்களே, அந்த ஆறுமணிக்குருவியும் அதனால்தானோ?


கன்னங்குறிச்சி டீச்சர்

தாள் கட்டு முடிந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆத்தூர் அண்ணாவுக்கு: டவர் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஆறுமணிக்குருவி வீட்டுக்குள் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அக்டோபர் வந்தால் ஏதாவது ஓர் ஊரில் ஆஸ்பத்திரி வராந்தாவிலோ பள்ளிக்கூட மாடிப்படியிலோ ‘அதிசயப் பறவை’ என்று செய்தி வரும். போன வருடம் என் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அறையிலேயே ஒன்று வந்தது. பிள்ளைகள் மயில் குஞ்சு என்றார்கள். அது மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் கூடு கட்டிவிட்டுத் தெற்கே இறங்கும் பறவை. நம் ஊரிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக் கோடையில் திரும்பிவிடும். அதை விழவைப்பது வேறு. அதற்குத்தான் வருகிறேன்.

ஐயாவின் காற்றுக் கணக்கு. ஆறுமணிக்குருவி, கதிர்க்குருவிகள், ஈப்பிடிப்பான்கள் என்று சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பயணம் செய்கின்றன. இரவில் காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், பருந்து தொல்லை குறைவு, பகலில் இறங்கி இரை தேடிக்கொள்ளலாம். நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப் புலத்தையும் வைத்துத் திசை அறிகின்றன. அக்டோபரில் தென்மேற்குக் காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று தொடங்கும்போது, தெற்கே போகும் பறவைக்கு அது முதுகுக் காற்று. அதுவரை ஐயா சொல்வது சரி. ஆனால் நல்ல காற்றும் தெளிந்த வானமும் உள்ள இரவில் அவை நம் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும். ஏற்காட்டில் யாரும் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். நடுவழியில் மேகம் மூடி மழை பிடித்தால்தான் கீழே இறங்குகின்றன. ஆகவே ஐயா மறுநாள் காலையில் பார்ப்பது காற்று கொண்டுவந்த பறவையை அல்ல, மழை நிறுத்திவைத்த பறவையை.

இன்னொன்று வெளிச்சம். நட்சத்திரம் தெரியாத இரவில் பிரகாசமான விளக்கு இருந்தால், பறவை அதை நோக்கி இழுக்கப்படுகிறது. சுற்றிச் சுற்றிக் களைத்து விழுகிறது, சுவரிலும் கண்ணாடியிலும் மோதுகிறது. கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டுவிடுகிறேன். ஐயா, உங்கள் பல்ப்பர் கொட்டகை வாசலில் விளக்கு உண்டா?

பாம்பன் தம்பிக்கு: எங்களுக்கும் தீவு உண்டு, சிரிக்காதீர்கள். மூக்கனேரியில் தூர் வாரிய மண்ணைக் குவித்து ஏரிக்குள்ளேயே திட்டுகள் போட்டு மரம் நட்டார்கள். இப்போது அவை காடாகிவிட்டன. மாலையில் கொக்கும் இராக்கொக்கும் வந்து அடையும் சத்தம் என் வீட்டு மாடிக்குக் கேட்கும். கரையோரம் இந்த வாரம் பொரி உள்ளான் இரண்டு, உள்ளான் ஒன்று. வேலிப் புதரில் பிளைத் நாணல் கதிர்க்குருவி வந்துவிட்டது. கண்ணில் படாது, இரண்டு கூழாங்கல்லைத் தட்டியதுபோல ‘டக், டக்’ என்று மட்டும் கேட்கும். கண்ணால் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரு காலைப் பொழுது போய்விடும், எனக்குப் போயிருக்கிறது.

ஐயாவிடம் இன்னொரு வேண்டுகோள். அந்தத் தலைப்பில்லாத கட்டத்தை இ-பேர்டில் (பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளம்) ஏற்றுங்கள். பழைய தேதிகளையும் ஏற்றலாம். 2015இலிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை கணக்கெடுக்கிறோம், ஆனால் அது ஜனவரி. முதல் வாலாட்டி எந்தத் தேதியில் வந்தது என்பதை ஒரே வாய்க்காலில் இத்தனை வருடம் எழுதி வைத்தவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.


செக்ரோல்காரர்

இரண்டு நாள் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் இருந்தது. பிறகு பழைய செக்ரோல்களை இறக்கினேன். பரணில் கரையான் பிடித்ததுபோக மீதி இருந்தவை எல்லாவற்றையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து புரட்டினேன். மனைவி கேட்டாள், யாருக்காவது கூலி பாக்கியா என்று.

கணக்கு இதுதான். ஆறுமணிக்குருவி ஓடைப் பக்கம் கூப்பிட்டதாக நான் எழுதியிருப்பது 2006இலிருந்து, அநேகமாக எல்லா அக்டோபரிலும். கொட்டகைக்குள்ளோ களத்திலோ விழுந்து கிடந்ததாக எழுதியிருப்பது மொத்தம் நான்கு முறை, இந்த வருடத்தையும் சேர்த்து. நான்கு இரவிலும் பக்கத்துக் கட்டத்தில் மழை இருக்கிறது. குறைந்தது 60 சென்ட். டீச்சர் சொன்னது அப்படியே.

அதோடு போகவில்லை. அந்த நான்கில் ஒன்றுகூட 2017க்கு முன்னால் இல்லை. 2017 நவம்பரில்தான் களத்தில் காயும் மிளகு களவு போகிறது என்று கொட்டகை வாசலில் பெரிய எல்.இ.டி. விளக்கு போட்டோம். வேண்டும் என்று முதலாளியிடம் எழுதிக் கேட்டவன் நான். பில் நம்பர்கூடச் செக்ரோலில் இருக்கிறது. அதற்கு முன் அங்கே எரிந்தது ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு, அதன் வெளிச்சத்தில் பூட்டையே தடவித்தான் பார்க்க வேண்டும்.

முதலாளிக்குப் போன் செய்து விளக்கை அணைத்துவிடலாமா என்றேன். மிளகு விலை தெரியுமா உனக்கு என்றார். தெரியும். அதனால் அணைக்கவில்லை. காலி எண்ணெய் டின் ஒன்றை வெட்டி, நேற்று வாட்ச்மேனும் நானும் விளக்குக்குத் தொப்பி போட்டோம். இப்போது வெளிச்சம் களத்தில் மட்டும் விழுகிறது, வானத்துக்குப் போவதில்லை. டின் வெட்டும்போது கட்டைவிரலில் கீறிக்கொண்டேன், தையல் இல்லை. டிசம்பர் வரை களம் காலியாகத்தான் இருக்கும், மிளகு காயாது என்பதால், மழை மூடிய இரவில் மட்டுமாவது சுவிட்சை அணைத்துவைக்கும்படி வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன். முதலாளி இதைப் படிக்க மாட்டார்.

பாம்பன் தம்பிக்கு: அப்பா சொன்ன இறகுக் கதையை இங்கே சரிபார்த்தேன். லயன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) மேலே போகும் மின்கம்பியில் தகைவிலான்கள் பதினொன்று. பதினொன்றும் வடகிழக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தன. இனிமேல் காற்றின் திசை எழுத எனக்குத் துணி கட்டிய கம்பு வேண்டாம்.

ஆத்தூர் நண்பருக்கு: சூறைக்குருவி மலைமேல் வருவதில்லை. எங்களிடம் சோளம் இல்லை.

டீச்சருக்கு: இ-பேர்டில் ஏற்றுவதற்குப் பேரனை உட்காரவைத்தேன். “தாத்தா, எத்தனை பறவை என்று கேட்கிறது” என்றான். ஒன்று என்றேன். “எல்லா வருடமும் ஒன்றா?” என்றான். ஆமாம், வாய்க்காலில் ஒன்றுதான் இருக்கும். இரண்டாவது வந்தால் முதலாவது துரத்திவிடும். அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான், ஆனால் ஏற்றிவிட்டான். பதினான்கு வருடத்துத் தேதிகள் போயிருக்கின்றன. கரையான் தின்ற வருடங்களுக்கு நான் பொறுப்பில்லை.

இன்று காலை ஐந்து ஐம்பதுக்கு ஓடைப் பக்கம் ‘வீட்-டியூ’ என்று இரண்டு முறை கேட்டது. பெட்டியில் இருந்ததுதானா வேறா என்று சொல்ல முடியாது, நான் அதை எழுதவும் இல்லை. கொடிக்கால் வாலாட்டி அதே பாதையில்தான் இருக்கிறது. இந்த ஞாயிறு வருவதாக இருந்தால் முதல் பஸ்ஸில் ஏற்காடு வந்து, அங்கிருந்து நாகலூர் பஸ் பிடியுங்கள். கார் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் மழையில் கல் உருண்டிருக்கும், மெதுவாக ஏறி வாருங்கள். பாதை முனையில் ஒரு கல் இருக்கிறது. அதில் உட்கார்ந்து பேசாமல் இருந்தால் பத்து நிமிடத்தில் வரும். பேசினால் வராது, இதை டீச்சருக்குச் சொல்லவில்லை, டீச்சரோடு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.


கன்னங்குறிச்சி டீச்சர்

ஞாயிறு வருகிறோம், ஐயா. ஆறு பேர். பைனாகுலர் இரண்டுதான் இருக்கிறது, முறை வைத்துப் பார்த்துக்கொள்வோம். கட்டைவிரலுக்கு டி.டி. ஊசி போட்டீர்களா? துருப்பிடித்த டின் என்றால் போட்டுவிடுங்கள்.


செக்ரோல்காரர்

போட்டாயிற்று. ஆறு பேருக்கும் காப்பி உண்டு. சர்க்கரை வேண்டாதவர்கள் முன்னாலேயே சொல்லிவிடவும், என் மனைவி கேட்காமல் போட்டுவிடுவாள்.